மாடிப்படிக்குக் கல் பதிக்கும் வீட்டில்: தூசியும் அளவும்

சேலம், நாமக்கல் சமவெளியில் தைப் பொங்கலுக்குப் பின்னும், ஆடி கழிந்து ஆவணி பிறந்த பின்னும் வீட்டு வேலைகள் மும்முரமாக நடைபெறுகின்றன. பல ஆண்டுகளுக்கு முன் சிமென்ட் பூசியோ சிவப்பு ஆக்சைடு இட்டோ விடப்பட்ட மாடிப்படிக்கு இப்போது கிரானைட் கல் பதிப்பது இவ்வேலைகளுள் ஒன்று. வீட்டில் திருமணம் நிச்சயமானால் சுவருக்கு வண்ணமும் படிக்குக் கல்லும் என்று முடிவாகிவிடுகிறது.

படிக்கல்லைப் பற்றி மருத்துவர்கள் எழுதுவது ஏன் என்று வாசகர்கள் வியக்கலாம். இந்த வேலையின் விளைவாக இருவகை நோயாளிகள் மருத்துவமனைக்கு வருகின்றனர். கல்லை அறுத்த தூசியைப் பல ஆண்டுகள் சுவாசித்து மூச்சிரைப்போடு வரும் தொழிலாளி ஒருவர். கல் பதித்து முடித்த அழகிய படியில் கால் இடறி விழுந்து இடுப்பெலும்பு முறிந்த நிலையில் வரும் முதியவர் மற்றொருவர். இவ்விருவருக்கும் நேர்வது பெரும்பாலும் தவிர்க்கத்தக்கது. கல்லை எங்கே, எப்படி அறுப்பது, படிகளின் உயரத்தை எப்படிச் சமமாக வைப்பது என்னும் இரண்டு முடிவுகளை வேலை தொடங்கும் முன்னரே சரியாக எடுத்துவிட்டால் போதும். அவ்விரண்டையும் படிப்படியாக விளக்குவதே இப்பாடத்தின் நோக்கம்.

1. முதலில் அளவு

படியில் கால் வைக்கும் கிடைப்பரப்பை மிதி என்றும், நிமிர்ந்து நிற்கும் முகத்தை ஏற்றம் என்றும் இப்பாடத்தில் குறிப்பிடுகிறோம். கொத்தனார்கள் இவற்றை டிரெட், ரைசர் என்பர். இந்தியாவின் தேசியக் கட்டட விதித்தொகுப்பு (2016) குடியிருப்பு வீடுகளுக்கு மிதியின் அகலம் 250 மி.மீ.க்குக் குறையாமலும், ஏற்றத்தின் உயரம் 190 மி.மீ.க்கு மேற்படாமலும் இருக்க வேண்டும் என்கிறது. அதாவது மிதி ஏறக்குறைய பத்து அங்குலமேனும் வேண்டும். ஏற்றம் ஏழரை அங்குலத்தைத் தாண்டக் கூடாது.

இவ்வெல்லைகளைக் காட்டிலும் முக்கியமானது, எல்லாப் படிகளும் ஒரே உயரமாக இருப்பது. படியேறும்போது நாம் ஒவ்வொரு படியையும் பார்த்து ஏறுவதில்லை. முதல் இரண்டு படிகளில் கால் அறிந்துகொண்ட உயரத்தையே அடுத்தடுத்த படிகளுக்கும் உடல் எடுத்துக்கொள்கிறது. கால்விரல் நுனி படியின் விளிம்பைச் சிறிய இடைவெளியிலேயே கடந்து செல்கிறது. ஒரு படி மட்டும் உயர்ந்திருந்தால் ஏறும்போது விரல் தட்டும். ஒரு படி மட்டும் தாழ்ந்திருந்தால் இறங்கும்போது, தரை எதிர்பார்த்த இடத்தில் இல்லாமல் உடல் தடுமாறும். அமெரிக்கக் குடியிருப்புக் கட்டட விதிகள் ஒரே படிவரிசையில் மிக உயர்ந்த ஏற்றத்துக்கும் மிகத் தாழ்ந்த ஏற்றத்துக்கும் உள்ள வேறுபாடு 9.5 மி.மீ.க்கு மேற்படக் கூடாது என்கின்றன. நம் கொத்தனார்களின் கணக்கில் அது மூன்று நூல்தான்.

பழைய படியின் மேல் புதிய கல் பதிக்கும்போது இச்சமன் எளிதில் கெடுகிறது. ஒரு கணக்கைப் பார்ப்போம். பழைய படிகள் யாவும் 170 மி.மீ. உயரம் என்று கொள்வோம். அவற்றின் மேல் 18 மி.மீ. கல்லும் அதன் அடியில் 22 மி.மீ. கலவையும் சேர்ந்தால் ஒவ்வொரு மிதியும் 40 மி.மீ. உயர்கிறது. இடையிலுள்ள படிகள் எல்லாம் ஒருசேர உயர்வதால் அவற்றுக்கிடையே 170 மி.மீ. மாறுவதில்லை. ஆனால் கீழ்த்தளத்தின் தரை உயரவில்லை. ஆகவே முதல் படி 210 மி.மீ. ஆகிவிடுகிறது. மேல்தளத்தின் தரையும் உயரவில்லை. ஆகவே கடைசிப் படி 130 மி.மீ. ஆகச் சுருங்குகிறது. முதல் படிக்கும் கடைசிப் படிக்கும் இடையே 80 மி.மீ., அதாவது மூன்று அங்குலத்துக்கும் மேற்பட்ட வேறுபாடு வந்துவிட்டது. முதல் படி விதித்தொகுப்பின் எல்லையையும் தாண்டிவிட்டது. கல் எவ்வளவு உயர்ந்ததாயினும், வேலை எவ்வளவு நேர்த்தியாயினும், இப்படி முதியோருக்குப் பொறியாகும்.

இதற்கு மூன்று வழிகள் உண்டு. இரு தளங்களின் தரைக்கும் புதிய கல்லோ டைல்ஸோ பதிப்பதாக இருந்தால், தரையும் படியும் ஒரே கனத்தில் உயருமாறு முன்கூட்டியே மட்டம் குறித்துக்கொள்வது முதல் வழி. தரையை மாற்றுவதில்லை எனில், பழைய படியின் மேற்பூச்சைத் தேவையான ஆழத்துக்குக் கொத்தியெடுத்துவிட்டுக் கல் பதிப்பது இரண்டாம் வழி. கலவைக்குப் பதிலாக மெல்லிய ஒட்டுப் பசையைப் பயன்படுத்தினால் கொத்த வேண்டிய ஆழம் குறையும். ஆனால் கான்கிரீட்டையும் கம்பியையும் தொடும் அளவுக்குக் கொத்தலாகாது. பூச்சின் கனம் போதுமா என்பதைப் பொறியாளர் ஒருவர் பார்த்துச் சொல்ல வேண்டும். இரண்டும் இயலாதபோது, கல் பதிக்காமல் விடுவதே மூன்றாம் வழி. பழைய படியைச் செப்பனிட்டு, விளிம்பில் வழுக்காத பட்டை ஒட்டி, கைப்பிடி அமைத்தால் அது குறைபாடுள்ள கிரானைட் படியைவிடப் பாதுகாப்பானது. இதைச் சொல்லத் தயங்க வேண்டியதில்லை.

வேலைக்கு முன் ஒரு தாளில் ஒவ்வொரு படிக்கும் எண்ணிட்டு, அதன் இப்போதைய உயரத்தையும் கல் பதித்தபின் வரப்போகும் உயரத்தையும் எழுதிக் கொத்தனாரிடம் காட்டுங்கள். எல்லா எண்களும் ஒத்திருக்கின்றனவா என்பது அத்தாளிலேயே தெரிந்துவிடும்.

2. கல்லை எங்கே அறுப்பது?

எங்கள் விடை ஒன்றே: இயன்றவரை வீட்டில் அறுக்க வேண்டாம். கிருஷ்ணகிரி, பர்கூர்ப் பக்கத்திலிருந்து வரும் கிரானைட் பலகைகளை விற்கும் பட்டறைகளில் தண்ணீர் பாயும் பெரிய அறுவை இயந்திரங்கள் உள்ளன. கல்லைக் கேட்ட அளவுக்கு அறுத்து, விளிம்பை உருட்டி, வழுக்காத கோடுகளையும் இழைத்துக் கொடுக்கும் வசதி அங்கே உண்டு. அங்கே தூசி நீரோடு சேறாக வடிந்துவிடுகிறது.

வீட்டில் அறுக்க நேர்வது பெரும்பாலும் அளவு தவறுவதால்தான். பழைய படிகள் ஒன்றுபோல் இருப்பதில்லை; சுவரும் நேராக இருப்பதில்லை. ஒரு படியை மட்டும் அளந்து எல்லாவற்றுக்கும் அதே அளவைக் கொடுத்தால், பத்துக் கற்களையேனும் வீட்டில் திரும்ப அறுக்க வேண்டியிருக்கும். ஆகவே ஒவ்வொரு படிக்கும் தனித்தனியே, சுவரோரம், நடு, வெளி விளிம்பு என மூன்று இடங்களில் அளவெடுக்கச் சொல்லுங்கள். திரும்பும் இடத்தில் முக்கோண வடிவாக வரும் படிகளுக்கு அட்டையை வெட்டிப் பொருத்திப் பார்த்து அவ்வட்டையையே பட்டறைக்குக் கொடுங்கள். அட்டையிலும் கல்லின் அடிப்புறத்திலும் ஒரே எண்ணை எழுதிவிட்டால் மாறாது. இதற்குச் செலவாகும் அரை நாள், வீட்டில் தூசி பறக்கும் இரண்டு நாட்களை மிச்சப்படுத்தும்.

3. கல் தூசி செய்வது என்ன?

கிரானைட்டில் குவார்ட்ஸ் என்னும் கனிமம் கணிசமாக உள்ளது. பல கற்களில் அது கால் பங்கு முதல் மூன்றில் ஒரு பங்கு வரை இருக்கும். இது படிகச் சிலிக்கா. கறுப்புக் கிரானைட் என்று விற்கப்படும் சில கற்களில் இது குறைவு. சலவைக்கல்லிலும் குறைவே. மணற்கல்லில் மிகுதி. குவார்ட்ஸ் தூளைப் பிசினோடு சேர்த்துச் செய்யப்படும் செயற்கைக் கல்லிலோ 90 விழுக்காட்டுக்கும் மேல் இருக்கக்கூடும். அக்கல்லை அறுத்த இளந்தொழிலாளர்கள் பலர் நுரையீரல் நோய்க்கு ஆளானதால், ஆஸ்திரேலியா 2024 ஜூலை 1 முதல் அதைத் தடை செய்துவிட்டது.

கண்ணுக்குத் தெரியும் பருமனான தூசி மூக்கிலும் தொண்டையிலும் தங்கிச் சளியோடு வெளியேறிவிடும். தலைமயிரின் பருமனில் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவான நுண்தூசியே ஆபத்தானது. அது நுரையீரலின் காற்றறைகள் வரை சென்று தங்கிவிடுகிறது. அதை அகற்ற வரும் வெள்ளணுக்கள் அதை விழுங்கித் தாமே சிதைகின்றன. சிதைந்த இடத்தில் தழும்பு உண்டாகிறது. தழும்புகள் பெருகப் பெருக, பஞ்சுபோன்ற நுரையீரல் விறைத்துப் போகிறது. இதுவே சிலிக்கோசிஸ்.

அளவு எவ்வளவு சிறியது என்பதைக் கணக்காகவே காட்டலாம். 18 மி.மீ. கனமுள்ள கல்லை 2 மி.மீ. கனமுள்ள வட்டத் தகட்டால் ஓரடி நீளம் அறுத்தால், ஏறக்குறைய 29 கிராம் கல் தூளாகிறது. அமெரிக்கத் தொழிற்பாதுகாப்புத் துறை 2016இல் வகுத்த விதியின்படி, எட்டு மணி நேர வேலையில் ஒரு கன மீட்டர்க் காற்றில் சராசரியாக 50 மைக்ரோகிராமுக்கு மேல் சிலிக்கா நுண்தூசி இருக்கலாகாது. பத்தடி நீளம், பத்தடி அகலம், பத்தடி உயரம் உள்ள ஓர் அறையில் அவ்வெல்லையை எட்டுவதற்கு 1.4 மில்லிகிராம் போதும். ஒரு கிராமில் எழுநூறில் ஒரு பங்கு அது. அறுக்கும்போது எழும் தூளில் மிகச் சிறிய பங்கே நுண்தூசி என்றாலும், மூடிய படிக்கட்டுக்குள் உலர்வாக அறுக்கும்போது எல்லை எவ்வளவு விரைவில் கடந்துபோகும் என்பதை இக்கணக்கு உணர்த்தும்.

கல் தச்சர்களின் மூச்சு நோயை இத்தாலிய மருத்துவர் ரமாசினி 1700இல் வெளியிட்ட தொழில்நோய் நூலிலேயே எழுதிவிட்டார். 1930களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் மேற்கு வர்ஜீனியாவில் சிலிக்கா நிறைந்த பாறையை உலர்வாகத் துளைத்துச் சுரங்கம் அமைத்தபோது நூற்றுக்கணக்கான தொழிலாளர்கள் உயிரிழந்தனர். நோய் பழையது; தடுக்கும் வழியும் பழையது. தூசி எழும் இடத்திலேயே அதை நீரால் அடக்குவதே அவ்வழி.

இந்நோயை முற்றிலும் குணப்படுத்தும் மருந்து இல்லை. பெரும்பாலும் பத்து ஆண்டுகளுக்கு மேற்பட்ட வேலைக்குப் பின் தோன்றும்; தூசி மிக அதிகமாயின் ஐந்தாண்டுகளுக்குள்ளும் தோன்றலாம். வேலையை விட்டபின்னும் தழும்பு வளரக்கூடும். சிலிக்கோசிஸ் உள்ளவருக்குக் காசநோய் வரும் வாய்ப்பு பலமடங்கு அதிகம். நுரையீரல் புற்றுநோயையும் சிலிக்கா தூண்டும் என்று உலக நலவாழ்வு அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகமை 1997இலேயே வகைப்படுத்தியுள்ளது. புகைப்பழக்கமும் சேர்ந்தால் கேடு இரட்டிக்கும்.

புறநோயாளிப் பிரிவில் மூச்சிரைப்போடு வரும் கல் பதிப்பவரிடம், அறுக்கும்போது முகத்துக்கு என்ன அணிவீர்கள் என்று கேட்டால், "துண்டு கட்டிக்குவனுங்க டாக்டர்" என்னும் விடையே பெரும்பாலும் கிடைக்கிறது. துண்டு பருமனான தூசியை மட்டும் தடுக்கும். நுண்தூசி அதன் இழைகளுக்கிடையே புகுந்துவிடும். முகத்தில் இறுகப் பொருந்தும் என்95 முகக்கவசமே குறைந்தபட்சத் தேவை. அடர்ந்த தாடி இருந்தால் ஓரங்களில் காற்று கசியும். முகக்கவசமும் நீருக்கு மாற்றன்று, நீருக்குத் துணை.

4. வீட்டில் அறுத்தே தீரவேண்டும் எனில்

ஓரத்தில் ஓரிரு அங்குலம் குறைக்க வேண்டிய நிலை எவ்வளவு திட்டமிட்டாலும் வரலாம். அப்போது பின்வருவனவற்றைக் கடைப்பிடிக்கச் சொல்லுங்கள்.

வாசலிலோ மொட்டை மாடியிலோ, திறந்த வெளியில், சன்னல்களுக்கு அப்பால் அறுக்க வேண்டும். காற்று வீட்டுப் பக்கம் வீசாத திசை பார்த்து அமர வேண்டும். அண்டை வீட்டுக் குழந்தைகள் விளையாடும் பக்கமும் கூடாது.

வெட்டும் இடத்தில் நீர் தொடர்ந்து விழ வேண்டும். ஒருமுறை கல்லை நனைத்துவிட்டு அறுப்பது போதாது. சில விநாடிகளிலேயே தகடு உலர்ந்த தூளை எழுப்பத் தொடங்கும்.

நீரும் மின்சாரமும் சேரும் இடமாதலால், இயந்திரம் நீர்விட்டு அறுப்பதற்கென்று அமைந்ததாக இருத்தல் வேண்டும். 30 மில்லி ஆம்பியர் கசிவிலேயே மின்னைத் துண்டிக்கும் ஆர்.சி.சி.பி. கருவி வழியாகவே இணைப்புக் கொடுக்க வேண்டும். பிளக் இல்லாமல் வெறும் கம்பியைச் சாக்கெட்டில் செருகித் தீக்குச்சியால் இறுக்குவதை எக்காரணம் கொண்டும் அனுமதிக்காதீர்கள். ஒட்டுப்போட்ட ஒயர் ஈரத் தரையில் கிடக்கலாகாது. ரப்பர்க் காலணி அவசியம்.

நான்கு அங்குலக் கட்டிங் மிஷினின் தகடு நிமிடத்துக்கு ஏறக்குறைய 11,000 முறை சுழல்கிறது. அதன் விளிம்பின் வேகம் மணிக்கு 200 கிலோமீட்டருக்கும் மேல். அவ்வேகத்தில் தகடு கல்லில் சிக்கினால் இயந்திரம் கையை மீறிப் பின்னோக்கித் துள்ளும். ஆதலால் தகட்டின் மேலுள்ள காப்பு மூடியைக் கழற்றக் கூடாது. இரு கைகளாலும் பிடிக்க வேண்டும். கல் அசையாதபடி சமமான தாங்கலில் கிடக்க வேண்டும். காலால் மிதித்துக்கொண்டு அறுப்பது பாதம் வெட்டுப்படுவதற்கான வழி. கல்லுக்குரிய வைரத் தகட்டையே மாட்ட வேண்டும். மரம் அறுக்கும் பல் தகட்டை இந்த இயந்திரத்தில் மாட்டவே கூடாது. தோளில் தொங்கும் துண்டு, தளர்ந்த லுங்கி, தொளதொளத்த கைச்சட்டை ஆகியவற்றைச் சுழலும் தகடு இழுத்துக்கொள்ளும். பக்கமும் மறைந்த கண்ணாடி, காதடைப்பான் இரண்டும் வேண்டும். சாதாரண மூக்குக் கண்ணாடி போதாது.

5. வீட்டில் நோயாளி இருந்தால்

ஆஸ்துமா, நாட்பட்ட நுரையீரல் அடைப்பு நோய், இதயச் செயலிழப்பு உள்ளவர்களும், வீட்டில் ஆக்சிஜன் எடுத்துக்கொள்பவர்களும், புற்றுநோய்ச் சிகிச்சையில் இருப்பவர்களும், கைக்குழந்தைகளும் அறுக்கும் நாளிலும் பழைய படியைக் கொத்தும் நாளிலும் உறவினர் வீட்டில் தங்குவதே நல்லது. ஒரு கதவை மூடிவிட்டு அடுத்த அறையில் இருப்பது போதாது. நுண்தூசி பல மணி நேரம் காற்றில் மிதந்திருக்கும். தங்கச் செல்லும்போது இன்ஹேலரையும் மாத்திரைகளையும் மருத்துவச் சீட்டையும் மறவாமல் எடுத்துச் செல்லுங்கள்.

வேலை முடிந்தபின் உலர்ந்த துடைப்பத்தால் பெருக்கினால் படிந்த தூசி மறுபடி எழும். மின்விசிறியைப் போட்டால் வீடெங்கும் பரவும். முதலில் நீர் தெளித்து, ஈரத்துணியால் துடைத்தெடுங்கள். சேறு உலர்ந்து மீண்டும் தூசியாகும் முன் கோணிப்பையில் அள்ளி அகற்றுங்கள். வேலை செய்தவர் அதே உடையோடு குழந்தையைத் தூக்கக் கூடாது. உடையை உதறாமல் தனியே ஊறவைத்துத் துவைக்க வேண்டும்.

கல் பதிக்கும் நாட்களில் மாடிப்படி பயன்பாட்டில் இராது. முழங்கால் வலியுள்ள பாட்டியின் படுக்கையும் கழிப்பறையும் ஒரே தளத்தில் அமையுமாறு முன்னரே ஏற்பாடு செய்யுங்கள். படி பாதி முடிந்த நிலையில் பலகை போட்டு ஏறுவது வீழ்ச்சிக்கு அழைப்பு விடுப்பதாகும்.

6. பதிக்கும்போது கவனிக்க வேண்டியவை

மூன்றரை அடி நீளமும் ஓரடி அகலமும் 18 மி.மீ. கனமும் உள்ள ஒரு படிக்கல்லின் எடை ஏறக்குறைய 16 கிலோ. பதினாறு படிக்கு 250 கிலோவுக்கு மேல் சுமக்க வேண்டும். ஒருவர் ஒரே நேரத்தில் ஒரு கல்லுக்கு மேல் தூக்க வேண்டாம். கல்லை நிமிர்த்திப் பிடித்து, முதுகை வளைக்காமல் முழங்காலை மடக்கித் தூக்க வேண்டும்.

கல்லின் அடியில் கலவை முழுவதும் பரவியிருத்தல் வேண்டும். நான்கு மூலைகளில் மட்டும் உருண்டையாக வைத்து அமுக்கினால் நடுவிலும் மூக்கிலும் வெற்றிடம் நிற்கும். பின்னொரு நாள் கனமான பீரோவை ஏற்றும்போது கல் விண்டுபோகும். பதித்த மறுநாள் மரக்கட்டையால் மெல்லத் தட்டிப் பாருங்கள். டொக் டொக்கென்று பொள்ளல் ஒலி எழுந்தால் அக்கல்லை எடுத்து மறுபடி பதிக்கச் சொல்லுங்கள். ரசமட்டம் வைத்து ஒவ்வொரு கல்லையும் சரிபார்க்க வேண்டும். கலவை இறுகும்வரை, குறைந்தது ஒரு நாளேனும், எவரும் ஏறலாகாது. வேறு பசை பயன்படுத்தினால் அதன் பையில் அச்சிட்டுள்ள காலத்தைக் கடைப்பிடியுங்கள்.

ஈரச் சிமென்ட் கடுமையான காரத்தன்மை உடையது. பல மணி நேரம் தோலில் ஒட்டியிருந்தால் வலி தோன்றும் முன்பே புண்ணாக்கிவிடும். சித்தாள் பெண்கள் வெறுங்கையால் கலவை அள்ளுவதைக் காண்கிறோம். கையுறை வாங்கிக் கொடுப்பது வீட்டுக்காரருக்குப் பெரிய செலவன்று. நீரிழிவு உள்ளவர் வெறுங்காலோடு கலவையில் நிற்கவே கூடாது.

7. பதித்தபின்: வழுக்கல், ஒளி, கைப்பிடி

கண்ணாடிபோல் மெருகேற்றிய கிரானைட் ஈரமானால் வழுக்கும். மிதிக்குச் சொரசொரப்பான பரப்புள்ள கல்லைத் தேர்ந்தெடுக்கலாம். மெருகுக் கல்தான் வேண்டுமெனில் விளிம்பை ஒட்டி இரண்டு மூன்று பள்ளக் கோடுகளைப் பட்டறையிலேயே இழைக்கச் செய்யலாம். மிதியும் ஏற்றமும் ஒரே நிறக் கல்லானால் இறங்கும்போது விளிம்பு எங்கே முடிகிறது என்பது கண்புரை உள்ளவருக்குத் தெரியாது. மிதிக்கு ஒரு நிறமும் ஏற்றத்துக்கு வேறு நிறமும் அமைப்பது அழகுக்கும் உகந்தது, கண்ணுக்கும் உகந்தது.

படி உயர்ந்த அளவுக்குக் கைப்பிடி தாழ்ந்துவிடுகிறது என்பதைப் பலர் மறந்துவிடுகின்றனர். கல் பதித்தபின் மறுபடி அளந்து, மிதியிலிருந்து குறைந்தது மூன்றடி உயரத்தில் கை முழுதாகப் பற்றக்கூடிய உருண்டைக் குழாயை அமையுங்கள். கடைசிப் படியைத் தாண்டிச் சிறிது தூரம் அது நீண்டிருப்பது நல்லது. படியின் கீழும் மேலும் விளக்குச் சுவிட்ச் இருக்க வேண்டும். நீரிழிவால் பாதத்தில் உணர்வு குறைந்தவர்களும், இரத்த அழுத்த மாத்திரையால் எழும்போது தலைசுற்றல் உள்ளவர்களும் பிடிக்காமல் இறங்கக் கூடாது.

8. விபத்து நேர்ந்தால்

வெட்டுக்காயத்தைச் சுத்தமான துணியால் பத்து நிமிடம் விடாமல் அழுத்திப் பிடித்து, அடிபட்ட கையை உயர்த்தி வையுங்கள். காபித்தூள், மஞ்சள், சுண்ணாம்பு எதையும் வைக்காதீர்கள். தனுர்வாதத் தடுப்பூசி தேவையா என்று மருத்துவமனையில் கேளுங்கள்.

விரல் துண்டானால் அத்துண்டை ஈரமான சுத்தத் துணியில் சுற்றி, நெகிழிப் பையில் இட்டு இறுகக் கட்டி, அப்பையைப் பனிக்கட்டி கலந்த நீரில் வைத்துக் கொண்டுவாருங்கள். துண்டு பனிக்கட்டியை நேராகத் தொடக் கூடாது. காலதாமதமின்றி வந்தால் மறுபடி பொருத்தும் வாய்ப்பு உண்டு.

கண்ணில் கல் துகள் தைத்தால் தேய்க்கவோ எடுக்கவோ முயலாமல், ஒரு சிறு கிண்ணத்தைக் கவிழ்த்து மறைத்து உடனே கண் மருத்துவரிடம் செல்லுங்கள். சிமென்ட் கண்ணில் விழுந்தாலோ முதலில் இருபது நிமிடமேனும் ஓடும் நீரில் கழுவிவிட்டே புறப்பட வேண்டும்.

மின்னதிர்ச்சி ஏற்பட்டவரைத் தொடும் முன் மெயின் சுவிட்சை நிறுத்துங்கள். மூச்சில்லை எனில் மார்பை அழுத்தி முதலுதவி செய்தவாறே 108ஐ அழையுங்கள். படியிலிருந்து விழுந்தவர் எழ முடியாமல் கிடந்தால் இழுத்து உட்கார வைக்காதீர்கள். இரத்தம் உறையாமலிருக்க மருந்து எடுப்பவர் தலையில் அடிபட்டால், நன்றாகப் பேசினாலும் அன்றே மருத்துவமனைக்கு அழைத்துவர வேண்டும்.

9. தொழிலாளிக்குச் செய்யவேண்டியது

நம் வீட்டுக்கு வருபவர் நாளை வேறொரு வீட்டில் அறுப்பார். நாளை மறுநாள் இன்னொரு வீட்டில். நமக்கு இரண்டு நாள் தூசி. அவருக்கு வாழ்நாள் தூசி. திருச்செங்கோட்டு ரிக் வண்டியில் பாறை துளைப்பவர்களுக்கும், கல் குவாரி, கிரஷர்த் தொழிலாளர்களுக்கும் இதே எச்சரிக்கை பொருந்தும்.

இரண்டு வாரத்துக்கு மேல் இருமல், படியேறினால் மூச்சிரைப்பு, எடை குறைதல், சளியில் இரத்தம் ஆகியவற்றுள் ஒன்று இருந்தாலும் மார்பு எக்ஸ்ரேயும் சளிப் பரிசோதனையும் வேண்டும். அரசு மருத்துவமனைகளில் காசநோய்ப் பரிசோதனையும் மருந்தும் இலவசம். மருத்துவரிடம் "கல் அறுக்கிற வேலை, இத்தனை வருடம்" என்று முதலிலேயே சொல்லுங்கள். சிலிக்கோசிஸின் எக்ஸ்ரே காசநோய்போலத் தோன்றக்கூடும். தொழிலைச் சொல்லாவிட்டால் நோய் பிடிபடாமல் போகும். சிலிக்கோசிஸ் 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டத்தில் அறிவிக்கப்பட வேண்டிய நோயாக இருந்தது. 1923ஆம் ஆண்டு இழப்பீட்டுச் சட்டத்தின் தொழில்நோய்ப் பட்டியலிலும் இடம்பெற்றிருந்தது. தொழிலாளர்கள் தமிழ்நாடு கட்டுமானத் தொழிலாளர்கள் நல வாரியத்தில் பதிவு செய்துகொள்வதும் நன்று.

கூலி பேசும்போதே நீர்விட்டு அறுத்தல், முகக்கவசம், கூடுதல் நேரம் ஆகியவற்றுக்கான தொகையையும் சேர்த்துப் பேசிவிடுங்கள். "சீக்கிரம் முடிங்க மேஸ்திரி" என்று நாம் அவசரப்படுத்தும்போதுதான் நீர்க்குழாய் ஓரமாக வைக்கப்படுகிறது.

சுயசோதனை

வேலை தொடங்கும் முன் குடும்பத்தார் ஒன்றாக அமர்ந்து இவ்வைந்து கேள்விகளுக்கும் விடை காணுங்கள்.

1. கல் பதித்தபின் முதல் படியும் கடைசிப் படியும் மற்றப் படிகளோடு மூன்று நூலுக்குள் ஒத்திருக்குமா?
2. எல்லாக் கற்களும் எண்ணிடப்பட்டுப் பட்டறையிலேயே அளவாக அறுக்கப்பட்டுவிட்டனவா?
3. வீட்டில் அறுக்க நேர்ந்தால் திறந்த இடமும் தொடர் நீரும் ஆர்.சி.சி.பி. இணைப்பும் என்95 முகக்கவசமும் உள்ளனவா?
4. மூச்சு நோயுள்ளவரும் குழந்தையும் அந்நாட்களில் எங்கே தங்குவர்?
5. வழுக்காத விளிம்பும் விளக்கும் கைப்பிடியும் மதிப்பீட்டில் சேர்ந்துள்ளனவா?

ஐந்துக்கும் தெளிவான விடை இருந்தால் வேலையைத் தொடங்கலாம். ஒன்றுக்கேனும் இல்லையெனில், அவ்விடை கிடைக்கும்வரை நாளைத் தள்ளி வைப்பதே குடும்பத்துக்கும் தொழிலாளிக்கும் நன்மை.